போன் பில்லில் ஜிமெயில் முகவரியையும் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தம் பிறந்தால் செல்போன் சர்வீஸ் கடைகளில் ஒரே கேள்விதான். “ஏனுங்க, பழைய போன்ல இருந்த நம்பர் பூராம் போயிருச்சுங்க, எடுத்துத் தர முடியுங்களா?” கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரம்பரை (உறவினர்) நம்பர் வேண்டும், சடங்கு நடத்தும் அருமைக்காரர் நம்பர் வேண்டும், சமையல்காரர் நம்பர் வேண்டும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரருக்கு வெளிமாநில ஏஜெண்டுகளின் நம்பர்தான் முதல். திருப்பூரில் பவர்டேபிள்காரர், செக்கிங் ஆள், பையர் ஆபீஸ் என்று ஒரு ஆர்டருக்குள்ளேயே எத்தனையோ நம்பர். இதில் பெரும்பகுதி உண்மையில் எங்கேயும் போகவில்லை. எந்த ஜிமெயில் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போகிறது. எடுக்கும் வழியையும் எடுக்கப் போய்க் கெடுக்கும் வழியையும் வாசகர்களுக்குச் சொல்லவும், புதுப் போன் விற்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கவும் இந்தக் கடிதம்.

முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நம்பர் காணோம் என்றதும் போனை ரீசெட் அடிக்கிறார்கள். அல்லது “ஹேங் ஆகுது, சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்” என்று யாராவது சொன்னதை நம்பி ஃப்ளாஷ் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் வந்த போன்கள் எல்லாம் உள்நினைவகத்தைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்துதான் எழுதுகின்றன. ரீசெட் அடித்த நொடியில் அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. அதன்பின் நினைவகச் சில்லைக் கழற்றிப் படித்தாலும் கிடைப்பது குப்பை எழுத்துதான். ‘டிலீட்டட் காண்டாக்ட்ஸ் ரெக்கவரி’ என்று பிளே ஸ்டோரில் கிடக்கும் செயலிகளால் இதில் ஒன்றும் ஆகாது. போனின் தொடர்புப் பட்டியல் இருக்கும் தரவுத்தளக் கோப்பை, ரூட் செய்யாத (கம்பெனி வைத்த கட்டுப்பாட்டை உடைக்காத) போனில் வேறு எந்தச் செயலியாலும் தொடவே முடியாது. அந்தச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்தால் மிச்சம் இருக்கிற நம்பர்களும் ஊரானுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அடுத்து, நம்பர் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். காண்டாக்ட்ஸ் செயலியில் எந்தக் கணக்கின் நம்பர்களைக் காட்டுவது என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கை தவறி அது ‘சிம்’ என்றோ வேறொரு ஜிமெயில் என்றோ மாறியிருந்தால், ஆயிரம் பேர் இருந்த பட்டியல் பன்னிரண்டு பேராகத் தெரியும். மேலே உங்கள் படத்தைத் தொட்டோ, மெனுவில் ‘காண்டாக்ட்ஸ் டு டிஸ்ப்ளே’ என்ற இடத்திலோ ‘ஆல் காண்டாக்ட்ஸ்’ என்று மாற்றினால் எல்லாம் திரும்ப வரும். கடைக்கு வரும் கேஸ்களில் இப்படித் தீர்வதும் உண்டு. அதற்குக் காசு வாங்குகிற கடையும் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நம்பரைச் சேமிக்கும்போது அது மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போகிறது: கூகுள் கணக்கு, போனின் சொந்த நினைவகம், அல்லது சிம். மூன்றுக்கும் மீட்கும் வழி வேறு வேறு. அதோடு, ‘சிங்க்’ வேறு, ‘பேக்கப்’ வேறு. சிங்க் இருந்தால் ஒரு போனில் அழித்தது அதே கணக்கு இருக்கும் எல்லாப் போனிலும் அழியும். பேக்கப் என்பது ஒரு நாளில் எடுத்து வைத்த நகல், அதற்குப் பின் போனில் நடந்தது அதற்குத் தெரியாது. “சிங்க் ஆன்ல தானுங்க இருந்துச்சு, அப்புறம் எப்படிப் போச்சு?” என்ற கேள்விக்கும் பதில் இதுதான். சிங்க் ஆனில் இருந்ததால்தான் போனது.

கூகுள் கணக்கில் இருந்தவை அழிந்திருந்தால் 30 நாள் கெடு உண்டு. கம்ப்யூட்டரிலோ போனின் பிரௌசரிலோ காண்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம் திறந்து, இடப்பக்கம் ‘ட்ராஷ்’ அல்லது ‘பின்’ என்பதைப் பாருங்கள். ஒன்றிரண்டு பேர் என்றால் அங்கிருந்தே ‘ரெக்கவர்’ கொடுக்கலாம். மொத்தமாகக் கலைந்து போயிருந்தால் பல்சக்கரக் குறிக்குள் ‘அன்டூ சேஞ்சஸ்’ இருக்கும். 10 நிமிடம் முன்பு, 1 மணி நேரம் முன்பு, நேற்று, ஒரு வாரம் முன்பு, அல்லது நீங்களே நாள் குறித்து, 30 நாளுக்குள் எந்த நிலைக்கும் பட்டியலைத் திருப்பலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து நாள் முந்தைய நிலைக்குத் திருப்பினால் அந்தப் பத்து நாளில் புதிதாகச் சேர்த்த நம்பர்களும் போய்விடும். எனவே திருப்பும் முன் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து இப்போதைய பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

30 நாள் தாண்டிவிட்டது, ஆனால் பழைய போன் பீரோவில் அணைந்து கிடக்கிறது என்றால் அதுதான் இருப்பதிலேயே நல்ல நகல். இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய போனுக்குச் சார்ஜ் போட்டு ஆன் செய்கிறார்கள். அதற்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது. தானாகவே சேர்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் சிங்க் ஓடுகிறது. கூகுளில் அழிந்த நம்பர்கள் எல்லாம் கண் முன்னாலேயே இந்தப் போனிலும் அழிகின்றன. ஆகவே பழைய போனை ஆன் செய்யும் முன் அதன் சிம்மைக் கழற்றுங்கள், வீட்டு ரூட்டரை அணையுங்கள், கையிலிருக்கும் புதுப் போனின் ஹாட்ஸ்பாட்டையும் அணையுங்கள். ஆன் ஆனதும் ஃப்ளைட் மோடு போடுங்கள். பிறகு காண்டாக்ட்ஸ் செயலியில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து விசிஎஃப் என்ற தொடர்புப் பட்டியல் கோப்பாக எடுங்கள். பழைய போன்களில் இது ‘இம்போர்ட் / எக்ஸ்போர்ட்’ மெனுவுக்குள் இருக்கும். கோப்பு 00001 என்றோ காண்டாக்ட்ஸ் என்றோ பேர் வைத்துக்கொண்டு சேமிப்பகத்தில் போய் உட்காரும். அதை மெமரி கார்டிலோ ஓடிஜி (போனில் நேராகச் செருகும்) பென்டிரைவிலோ புளூடூத்திலோ வெளியே எடுத்த பிறகுதான் நெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வருஷக்கணக்கில் கிடந்த போன் உடனே ஆன் ஆகாது. பேட்டரி அடியோடு இறங்கியிருக்கும். அரை மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரியை மாற்றிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். டச் வேலை செய்யாமல் டிஸ்ப்ளே மட்டும் தெரிந்தால், ஓடிஜி கேபிளில் சாதாரணக் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும், அதாலேயே பேட்டர்ன் லாக்கையும் வரையலாம். டிஸ்ப்ளே கருப்பாகிவிட்டால் காம்போ, அதாவது டச்சும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த பாகம், மாற்ற வேண்டியதுதான். காம்போ மாற்றுவதால் உள்ளே இருப்பது எதுவும் அழியாது. தண்ணீரில் விழுந்த போனை ஆன் செய்து பார்ப்பதும் அரிசிப் பானையில் போடுவதும் வேண்டாம். ஆன் செய்தால் போர்டு ஷார்ட் ஆகும், அரிசியில் வைத்தால் துரு பிடிக்க நேரம் கிடைக்கும். ஆன் செய்யாமல் அப்படியே கடைக்குக் கொண்டு வந்தால் போர்டைக் கழுவி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. போர்டு டெட் ஆன போனில் மெமரி ஐசியை மட்டும் பிடுங்கி வேறு போர்டில் வைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூட்டின் சாவி பிராசஸரோடு கட்டுண்டது. அதே போர்டை ஓட வைத்து, உங்கள் ஸ்கிரீன் லாக் எண்ணையும் போட்டால்தான் திறக்கும்.

பழைய போனே கையில் இல்லை, அதிலும் நம்பர்கள் போனின் நினைவகத்தில்தான் இருந்தன, கூகுளில் இல்லை என்றால்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பழைய போனில் கூகுள் பேக்கப் ஆனில் இருந்திருந்தால் போன் நினைவகத்து நம்பர்களும் சிம் நம்பர்களும் அதனோடு போயிருக்கக்கூடும். புதுப் போனில் அதே ஜிமெயிலைப் போட்டு, செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதிக்குள் ‘ரீஸ்டோர் காண்டாக்ட்ஸ்’ என்பதைத் தேடுங்கள். போனுக்குப் போன் இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் அந்த இரண்டு சொல்லைத் தட்டினாலே வந்துவிடும். பழைய போனின் மாடல் பெயரோடு பேக்கப் தெரியும். தொட்டால் இறங்கும். ஏற்கெனவே இருப்பவர்களை விட்டுவிட்டு இல்லாதவர்களை மட்டும் சேர்க்கும். பழைய போனைப் பயன்படுத்தாமல் 57 நாள் ஆனால் இந்த பேக்கப்பைக் கூகுள் அழித்துவிடும். போன் உடைந்து மூலையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் சேரும். ‘பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போட்டவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். இன்னொன்று, புது ஆண்ட்ராய்டில் எடுத்த முழு பேக்கப் அதைவிடப் பழைய ஆண்ட்ராய்டு போனில் இறங்காது. மகனுடைய பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்கும் வீடுகளில் இது அடிக்கடி இடிக்கும்.

ஷாவ்மி போன்களில் போனுக்குள்ளேயே எடுத்த பேக்கப், சேமிப்பகத்தில் ‘மியுஐ’ கோப்புறைக்குள் ‘பேக்கப்’, அதற்குள் ‘ஆல்பேக்கப்’ என்று இருக்கும். கோப்புறையை அப்படியே கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்து, இன்னொரு ஷாவ்மி போனில் அதே இடத்தில் ஒட்டினால் அதன் பேக்கப் மெனுவில் தெரியும். வேறு கம்பெனி போன் அதைக் கண்டுகொள்ளாது. சாம்சங்கில் இந்த வேலைக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற செயலி. சாம்சங்கின் சொந்தக் காண்டாக்ட்ஸ் செயலியிலும் ஒரு ‘ட்ராஷ்’ உண்டு.

சிம்மைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் இன்னமும் ‘நம்பர் பூராம் சிம்ல இருக்குது’ என்று நம்புகிறார்கள். சிம் தொலைந்தால் கம்பெனியில் புது சிம் வாங்கினால் நம்பரும் வந்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். வராது. சிம்மில் எழுதிய பெயர்கள் அந்தப் பிளாஸ்டிக் துண்டின் சில்லுக்குள் மட்டுமே இருக்கின்றன, கம்பெனியிடம் நகல் கிடையாது. 4ஜிக்கு மாறியபோதும் கம்பெனி மாற்றியபோதும் கொடுத்த புது சிம் வெறும் சிம்தான். அதனால் செயலிழந்த பழைய சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம். நெட்வொர்க் இல்லாவிட்டாலும் போனில் செருகி, ‘இம்போர்ட் ஃப்ரம் சிம்’ கொடுத்தால் உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். பெரிய அளவு சிம்மாக இருந்தால் கட்டரில் வெட்ட அவசரப்பட வேண்டாம். பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டால் வெட்டாமலே படிக்கும். பின் நம்பர் கேட்டால் ஊகித்துப் போடாதீர்கள். 3 முறை தப்பினால் பூட்டிக்கொண்டு 8 இலக்க பியூகே, அதாவது பூட்டை எடுக்கும் எண் கேட்கும். அதையும் 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் செத்தது, அதோடு உள்ளிருக்கும் பெயர்களும்.

சிம்மில் இடம் எவ்வளவு குறுகல் என்பதற்கு ஒரு உதாரணம். பெயருக்கு 14 பைட் இடம் தரும் சிம்மில் ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 எழுத்து போகும். ‘சென்னிமலை பெட்ஷீட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘பெட்’ முடியும் முன்பே அறுந்துவிடும். தமிழில் எழுதினால் நிலைமை இன்னும் மோசம். முதல் பைட் அடையாளத்துக்குப் போய், குறிக்கு 2 பைட் வீதம் எழுதும் போனில் மீதி 13 பைட்டில் 6 குறிதான் அடங்கும். ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, இகரக்குறி. ஆறு முடிந்தது. சிம்மில் நிற்பது ‘சென்னி’ மட்டும். ஒரு பெயருக்கு ஒரே நம்பர் என்பதால் கடை நம்பரும் வீட்டு நம்பரும் இரண்டு பதிவாகப் பிரியும். சிம்மிலிருந்து மீட்ட பட்டியலில் ‘சென்னி’, ‘சென்னி’ என்று நாலு பேர் வருவது இதனால்தான். அவர்களை ‘மெர்ஜ்’ கொடுத்து ஒன்றாக்கிவிடாதீர்கள். நாலும் வேறு வேறு ஆளாக இருக்கலாம்.

நோக்கியா காலத்து பேக்கப் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு, முக்கியமாகப் பழைய தறிக்குடோன் ஆபீஸ்களிலிருந்து. பிசி சூட் எடுத்த கோப்பு ‘என்பியு’ என்று முடியும். போனே மெமரி கார்டில் எடுத்தது ‘என்பிஎஃப்’ அல்லது ‘ஏஆர்சி’ என்று முடியும். அந்த நோக்கியா போன் இனி வேண்டியதில்லை. என்பியு எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு இலவச விண்டோஸ் நிரல் இந்த மூன்றையும் திறந்து, ஒவ்வொரு தொடர்பையும் விசிஎஃப்பாகப் பிரித்துக் கொடுக்கும். கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால் பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்த மூன்று முடிவெழுத்தையும், கூடவே விசிஎஃப்பையும் போட்டுத் தேடுங்கள். ஜிமெயில் தேடல் கட்டத்திலும் விசிஎஃப் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் யாரோ உங்களுக்கு அனுப்பி வைத்த பட்டியல் ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். மெமரி கார்டில் இருந்த விசிஎஃப் அழிந்திருந்தால் அந்தக் கார்டில் புதிதாக ஒரு போட்டோகூட எடுக்காமல் கழற்றி, கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் நிரலால் தேடினால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. போனின் உள்நினைவகத்தோடு சேர்த்து ஃபார்மேட் செய்த கார்டு என்றால் கிடைக்காது, அதுவும் பூட்டி எழுதப்பட்டது.

விசிஎஃப் கையில் கிடைத்தபின் நடக்கும் பிழைகள் தனி வகை. கோப்பைத் திறந்து பார்க்கிறவர்களுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கும் இடத்தில் சமக்குறி, ஈ, 0, மறுபடி சமக்குறி, ஏ, ஈ என்று வரிசையாகத் தெரியும். ‘வைரஸ் ஏறிருச்சு’ என்று பயப்பட வேண்டாம். 2.1 பதிப்பு விசிஎஃப்பில் தமிழ் அப்படித்தான் எழுதப்படும். ஒரு யூனிகோடு குறிக்கு 9 எழுத்து. ‘மஞ்சள் மண்டி’ என்ற பெயரில் இடைவெளியை விட்டால் 11 குறி, ஆக 99 எழுத்து. ஒரு வரிக்கு 76தான் வரம்பு என்பதால் வரியின் கடைசியில் ஒரு சமக்குறி போட்டு அடுத்த வரிக்கு மடியும். யாராவது நோட்பேடில் திறந்து, அந்த ‘தேவையில்லாத’ சமக்குறியை அழித்துச் சேமித்தால் பெயர் பாதியில் அறுந்துவிடும், சில போன்கள் அந்த ஆளையே விட்டுவிடும். திறக்கவே வேண்டாம். அப்படியே கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தில் ‘இம்போர்ட்’ கொடுங்கள்.

எக்செல்லில் திறப்பது இதைவிடப் பெரிய நாசம். நம்பர்களைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி, எக்செல்லில் திறந்து, பெயரை ஒழுங்குபடுத்திச் சேமிக்கிறார்கள். 91 சேர்த்து 12 இலக்கம் உள்ள எண்ணை எக்செல் ‘9.19ஈ+11’ என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான், எந்தச் சாஃப்ட்வேராலும் திரும்பாது. வெளிநாட்டு பையர் நம்பர்களை ஷீட்டில் வைத்திருக்கும் திருப்பூர் ஆபீஸ்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேண்ட்லைன் எண்களின் முன்னால் உள்ள 0-வையும் எக்செல் தின்றுவிடும். ஈரோட்டின் 0424 எண் 0 போனபின் 10 இலக்கமாகி, மொபைல் நம்பர் மாதிரியே நிற்கும். 4-இல் மொபைல் நம்பர் தொடங்குவதில்லை. அப்படி ஒன்றைப் பட்டியலில் பார்த்தால் முன்னால் 0 சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள். எக்செல் வேண்டியே தீரும் என்றால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகக் கொண்டுவந்து, நம்பர் இருக்கும் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறிக்க வேண்டும். எழுத்து முறை 65001, அதாவது யூடிஎஃப்-8. இதை விட்டால் தமிழ்ப் பெயர்கள் கோலமாகிவிடும்.

கூகுள் தளத்தில் ஒரே தடவையில் 3,000 பேர் வரைதான் ஏற்ற முடியும். கணக்கு ஒன்றுக்கு மொத்தக் கொள்ளளவு 25,000. ஏற்றியதும் ‘இம்போர்ட்டட் ஆன்’ என்று அன்றைய தேதியோடு ஒரு லேபிள் தானாக விழும். அதை உடனே நீக்காதீர்கள். தப்பான கோப்பை ஏற்றிவிட்டாலோ எல்லோரும் இரட்டையாக வந்துவிட்டாலோ அந்த லேபிளைத் திறந்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தால் பழைய நிலை வந்துவிடும். எல்லாம் சரி என்று கண்ட பிறகு ‘மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்’.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமாக. ஐகிளவுட் டாட் காமில் நுழைந்தால் ‘டேட்டா ரெக்கவரி’ என்ற பகுதி இருக்கும். அங்கே ‘ரீஸ்டோர் காண்டாக்ட்ஸ்’ என்பதில் 30 நாளுக்குள்ளான பழைய நகல்கள் தேதியோடு வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எல்லாச் சாதனத்திலும் பட்டியல் அப்படியே மாறும். இப்போதைய பட்டியலை அதுவே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றும் என்பதால் பயமில்லை. கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் பேக்கப் இருந்தால் அதை அப்படியே போனில் இறக்க அவசரப்படாதீர்கள். நம்பரோடு சேர்த்து மொத்தப் போனும் அந்தப் பழைய நாளுக்குத் திரும்பிவிடும், நேற்று எடுத்த படம்வரை போகும். பாஸ்வேர்டு போட்ட பேக்கப்பின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

எந்த நகலும் இல்லை என்று ஆனவர்களுக்கு ஒட்டுப் போடும் வழிகள் சில இருக்கின்றன. வாட்ஸ்அப் பேக்கப்பில் போனின் தொடர்புப் பட்டியல் இருக்காது. ஆனால் அரட்டைகள் திரும்ப வந்தால் நம்பர்கள் வரும், குழுக்களில் அலைக்குறியோடு அவரவர் வைத்துக்கொண்ட பெயரும் தெரியும். பங்காளிகள் குழு, கோவில் கமிட்டிக் குழு, லாரி புக்கிங் குழு இவற்றைத் திறந்து ஒவ்வொருவராகச் சேமிக்கலாம். யுபிஐ செயலிகளின் பரிவர்த்தனை வரலாற்றில் பணம் வாங்கியவரின் வங்கிப் பெயர் இருக்கும். சிம் கம்பெனியிடம் உங்கள் சொந்த அழைப்பு விவரப் பட்டியலைக் கேட்கலாம். பிரீபெய்டு வாடிக்கையாளருக்கும் கடந்த 6 மாதத்துக்குள்ளான விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. பெயர் வராது, நம்பர் மட்டும்தான். ஆனால் வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை எந்த நம்பருக்குப் பேசினீர்கள் என்று பார்த்தாலே அது யாருடைய நம்பர் என்று தொழில் செய்கிறவருக்குப் பிடிபட்டுவிடும்.

இவ்வளவும் தெரிந்தாலும் உதவாமல் போகிற இடம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறோம். புதுப் போன் விற்கும் சில கடைகளில், வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. கேட்டுப் பாஸ்வேர்டு தேட நேரமாகும் என்று அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று உண்டாக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெயரோடு வாய்க்கு வந்த நாலு எண், பாஸ்வேர்டு கடைப்பையனுக்கு மட்டும் தெரிந்தது. மீட்பு எண்ணாக ஒன்றும் கொடுப்பதில்லை, அல்லது கடை நம்பரையே கொடுக்கிறார்கள். மூன்று போன் மாற்றிய ஒருவருக்கு மூன்று கணக்கு, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நம்பர்கள். போன் உடைந்த அன்று முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. அதோடு 2 வருஷம் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் முகவரியைத் தேட வேண்டிய இடங்கள்: பழைய போன் இன்னும் திறந்தால் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’. வாட்ஸ்அப்பில் ‘சாட்ஸ்’, அதற்குள் ‘சாட் பேக்கப்’. அங்கே எந்த ஜிமெயிலில் பேக்கப் போகிறது என்று முழுதாக எழுதியிருக்கும். முகவரி கிடைத்தால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயற்சி செய்யுங்கள். அதை நெட் சென்டரில் உட்கார்ந்து செய்யாதீர்கள். அந்தக் கணக்கு வழக்கமாக ஓடிய போனில், வழக்கமான வீட்டு வைஃபையில் செய்தால்தான் கூகுள் நம்பும். தப்புத் தப்பாகப் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருந்தால் பல மணி நேரம் தள்ளி வைத்துவிடும். நினைவிருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்கும்போது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். கூகுள் கஸ்டமர் கேர் என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு ஓடிபி சொன்னால் பணம் போகும். கணக்கு மீட்பைப் போனில் பேசிச் செய்து தரும் ஆள் கூகுளில் யாரும் கிடையாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பழைய ஜிமெயில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புதிது உண்டாக்கியே தீர வேண்டும் என்றால் மீட்பு எண்ணாக வாடிக்கையாளர் வீட்டில் இன்னொருவருடைய நம்பரைக் கொடுங்கள். முகவரியை பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுங்கள், அச்சு பில்லின் எழுத்து ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும். பாஸ்வேர்டை வாடிக்கையாளரே தன் கையால் அடிக்கட்டும். காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் அக்கவுண்ட் ஃபார் நியூ காண்டாக்ட்ஸ்’ என்பது ‘டிவைஸ்’ என்றோ ‘சிம்’ என்றோ இருந்தால் அந்த ஜிமெயிலுக்கு மாற்றிவிட்டு, அவருடைய நம்பர் ஒன்றையே சேமித்து, அது கூகுள் தளத்தில் வந்து விழுகிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்த பிறகு டப்பாவைக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் வேலை பார்ப்போர் சிலர்,
ஈரோடு.